ஜன்னலில் எதை வெட்டி ஒட்டுவது? தாள், ஸ்டிக்கர், வண்ணப் படலம், அக்ரிலிக்: ஓர் ஒப்பீடு

கட்அவுட் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் 40 அடி உயரத் தலைவரோ நடிகரோதான் நினைவுக்கு வருவார். அதனாலேயே என் வேலையை வெட்டோவியம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு கட்டடத்தின் ஒரு ஜன்னலுக்கென்றே, அதன் சட்டத்தையும் அதில் விழும் வெயிலையும் அதற்கு அப்பால் நிற்கும் வேப்பமரத்தையும் கணக்கில் கொண்டு உருவங்களை வெட்டிப் பொருத்தும் வேலை இது. வேறு ஜன்னலுக்குத் தூக்கிப்போனால் செல்லாது.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “பள்ளி நூலகத்தில் ஜன்னல் கொடுத்திருக்கிறார்கள். தாளில் வெட்டட்டுமா, ஸ்டிக்கர் கடையில் கொடுத்துவிடட்டுமா?” சென்ற மாதம் மட்டும் மூவர், வெவ்வேறு ஜன்னல்களுக்காக, இதைக் கேட்டார்கள். ஒருவர் அதற்குள் வண்ண ஜெலட்டின் தாள் நான்கு சுருள் வாங்கியும் வைத்திருந்தார். பொருளை வாங்கிவிட்டு ஜன்னலைப் பார்க்கப் போவது, துணியை வெட்டிவிட்டு அளவெடுப்பது போன்றது. எனவே நான்கு பொருள்களையும் தராசில் ஏற்றும் முன் எடைக்கற்களை எடுத்து வைத்துவிடுகிறேன்.

## எடைக்கற்கள்

வெயில் எங்கிருந்து வருகிறது? இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் ஜன்னல் வழியாக வண்ண ஒளி கூடத்தின் மறுகோடி வரை நீண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அப்படியே விழும் என்று நம்பிவிடுகிறார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறியிருக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் ஒட்டிய உருவத்தின் நிழல் ஜன்னலிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி விழும். சென்னையில் அதே நாள், அதே நேரம் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்கும்; நிழல் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே போய்விடுவதால், தெற்கு ஜன்னலுக்கு அந்நேரம் நேர்வெயிலே கிடையாது. நம் நிலத்தில் நீண்ட நிழல் வேண்டுமென்றால் கிழக்கு ஜன்னலின் காலையையும் மேற்கு ஜன்னலின் மாலையையும்தான் நம்ப வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு ஆண்டின் பெரும்பகுதி பரவலான வெளிச்சம் மட்டுமே. அங்கே உருவம் கண்ணாடியில் தெரியும், தரையில் விழாது.

இன்னொன்றும் உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழல் தள்ளி விழ விழ அதன் விளிம்பு கலங்குகிறது. மூன்று மீட்டர் தூரத்தில் கலங்கல் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். அதைவிட மெல்லிய வெட்டுகள் தரைக்கு வந்து சேர்வதில்லை. மயிலிறகின் ஒவ்வோர் இழையையும் நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டலாம். தரையில் விழுவது என்னவோ ஒரு மங்கலான துடைப்பம்தான்.

யார், எந்தப் பக்கத்திலிருந்து, எப்போது பார்க்கிறார்கள்? முகம் பார்ப்பதும் ஜன்னலில் மாட்டுவதும் நம் மொழியில் ஒரே சொல், கண்ணாடி. அது சும்மா இல்லை. பகலில் தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் பாதி ஆடியாகத்தான் இருக்கும். வானமும் எதிர்க்கட்டடமும் அதில் தெரியும். உள்பக்கம் ஒட்டிய கறுப்பு உருவம் அந்தப் பிரதிபலிப்பில் காணாமல் போகும், வெள்ளை உருவம் ஓரளவு தப்பிக்கும். உள்ளே நிற்பவருக்கோ, ஒளிபுகாத தாள் எந்த நிறமானாலும் பகலில் கறுப்புதான். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் எல்லாம் தலைகீழ். தெருவோரக் கடைக்கும் நூலகத்துக்கும் ஒரே விடை சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

எத்தனை நாள்? ஒரு வாரமா, ஒரு கல்வியாண்டா, கட்டடம் இருக்கும்வரையா? “பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். “பார்த்துக்கொள்ளலாம்” என்று தொடங்கிய வேலைகள்தான் ஆறு ஆண்டுகள் கழித்து வெளுத்த கந்தலாக என் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

கண்ணாடி எப்படிப்பட்டது, அதன்மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது? சாதாரணக் கண்ணாடியா, பதப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியா, வெயில் தடுக்கும் படலம் ஒட்டியதா, உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறதா, நகரும் யுபிவிசி பிளாஸ்டிக் கதவா என்று பார்க்க வேண்டும். நகரும் கதவு என்றால் திறக்கும்போது ஒரு பாதி மறுபாதியின் மேல் போய் உட்காரும்; அதில் ஒட்டிய குதிரைக்கு எட்டுக் கால் முளைக்கும்.

யார் அகற்றுவார்கள்? பட்ஜெட் போடும்போது எவரும் எழுதாத வரி இது.

இவற்றில் முதல் கேள்விக்கு விடை தெரிய ஒரு முழு நாளும் ஒரு சாக்பீஸும் போதும். செய்தித்தாளில் உள்ளங்கையளவு ஒரு முக்கோணம் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மணிக்கொரு முறை அதன் நிழல் விழும் இடத்தைத் தரையில் குறியுங்கள். மாலைக்குள் தரையில் ஒரு வளைகோடு கிடைக்கும். என் ஓவியங்கள் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

## கையால் வெட்டிய தாள்

வட சீனத்தில் வசந்த விழாவுக்குச் சிவப்புத் தாளில் உருவங்கள் வெட்டி ஜன்னலில் ஒட்டுவார்கள். ‘ஜன்னல் பூ’ என்று அதற்குப் பெயர். அங்கே பழைய வீடுகளில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மரச்சட்டத்தின்மேல் மெல்லிய வெள்ளைத் தாள்தான். சிவப்பு உருவத்துக்கு அந்தத் தாளே திரையாகவும் விளக்காகவும் நின்றது. சீனத் தாள்வெட்டுக் கலையை யுனெஸ்கோ 2009-இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நான் இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. நம் தெளிந்த கண்ணாடியில் அந்தத் திரை இல்லை. தாள் உருவத்துக்குப் பின்னால் மின்கம்பமும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். பின்னால் ஒரு மெல்லிய டிரேசிங் தாளோ டிஷ்யூ தாளோ கொடுத்தால் உருவம் உடனே எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

நான் 120 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் எடுக்கிறேன். அதைவிட மெல்லியது மின்விசிறிக் காற்றுக்குத் துடிக்கும்; தடித்தது மூலைகளில் பிளேடை முறிக்கும். பிளேடு மருந்துக்கடையில் கிடைக்கும் அறுவைச் சிகிச்சைப் பிளேடு: 11-ஆம் எண், 3-ஆம் எண் கைப்பிடி. கூர்முனை போனதும் மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பிளேடுதான் விரலை வெட்டும். கூரான பிளேடு தாளை வெட்டும்.

தாளில் வெட்டுவதன் இலக்கணம் பாலம். வெட்டி எடுத்த பகுதிக்கு நடுவே எதுவும் மிதக்க முடியாது. எல்லாம் எங்கோ ஓரிடத்தில் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து வெட்டிப் பாருங்கள், உடனே புரியும். ‘ட’, ‘ப’ இரண்டும் தொல்லை தராத பிள்ளைகள். எழுத்தை ஓட்டையாக வெட்டினால் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் தாள் கழன்று விழும். எழுத்தையே தாளாக விட்டுச் சுற்றிலும் வெட்டினால், மெய்யெழுத்தின் புள்ளி அந்தரத்தில் நிற்கும். அதற்கொரு காம்பு வைத்தாக வேண்டும். இந்தத் தடைதான் தாள் வெட்டோவியத்துக்கு அதன் முகத்தைத் தருகிறது. கொடி ஏன் கிளியின் அலகைத் தொடுகிறது, கிளி ஏன் கிளையில் சாய்கிறது என்றால், தொடாவிட்டால் விழுந்துவிடும்.

பாலத்தை மறந்தவர்கள் பட்டியலில் பெரியவர்களும் உண்டு. பிரான்சின் வான்ஸ் ஊரில் ஜெபமாலைச் சிற்றாலயத்தின் ஜன்னல்களை ஓவியர் ஆன்ரி மாத்தீஸ் வண்ணம் பூசிய தாளை வெட்டித்தான் வடிவமைத்தார். 1951-இல் முடிந்த வேலை அது. கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைகளுக்கு இடம் விடாமல் இரண்டாம் வரைவைச் செய்துவிட்டதால் அதைக் கைவிட்டு மூன்றாவதாக ஒன்று வெட்டினார். இன்று அங்கே இருப்பது அந்த மூன்றாவதுதான். மஞ்சள் கண்ணாடி மட்டும் மறுபக்கம் தெரியாதது; பச்சையும் நீலமும் தெளிந்தவை. வரைவுக்குத் தாளைப் போலக் கருணையுள்ள பொருள் வேறில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். முதலாவது உங்கள் நேரம். என் கைக்கு நுணுக்கமான வெட்டு ஒரு சதுர அடிக்கு இரண்டு, மூன்று மணி நேரம். 30 சதுர அடி ஜன்னல் என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். இரண்டாவது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து அப்பளம் போல் நெளியும். மூன்றாவது நிறம். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களை முழுவதும் தடுப்பதில்லை. உள்பக்கம் ஒட்டினாலும் வெளுக்கும். ஒளிரும் நியான் நிறங்கள் முதலில் போகும். நான்காவது பசை. சுவரொட்டிக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது காரணமில்லாமல் அல்ல. கலக்காவிட்டால் கரப்பான் பூச்சிக்கு விருந்து. ஆனால் துத்தம் நஞ்சு, பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடாது. நான் பசையே பூசுவதில்லை. இருபக்கம் ஒட்டும் டேப்பைப் பொட்டு அளவுக்கு வெட்டிப் பாலங்களின் பின்னால் வைக்கிறேன்.

தாள் வெல்லும் இடம்: மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடும் வேலை, உள்பக்கம் ஒட்டக்கூடிய ஜன்னல், மாணவர்களோ தெருக்காரர்களோ சேர்ந்து வெட்டும் திட்டம். கையின் தடுமாற்றம் தெரிய வேண்டும் என்றாலும் தாள்தான்.

## வினைல் ஸ்டிக்கர்

பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் படலம் இது. நம் ஊரில் இதற்குப் பெயர் ‘ரேடியம் கட்டிங்’. அதில் ரேடியம் துளியும் கிடையாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் எண்பலகை ஸ்டிக்கருக்கு வந்த பெயர் எல்லா ஸ்டிக்கருக்கும் ஒட்டிக்கொண்டது. பைக்கில் குலதெய்வத்தின் பெயர் வெட்டித் தரும் அதே கடையில், பிளாட்டர் என்ற அதே கணினி வெட்டும் கருவியில், உங்கள் ஜன்னலும் வெட்டப்படும். இது எனக்குப் பிடித்த விஷயம். கலைக்கூடத்தில் ஒரு மாதம் கெஞ்ச வேண்டிய வேலையை முக்குக் கடைப் பையன் அரை நாளில் வெட்டித் தருகிறான்.

வினைலின் பெரிய விடுதலை, பாலம் தேவையில்லை என்பது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். புள்ளிகள் மிதக்கலாம், பறவைக் கூட்டம் சிதறலாம். விடுதலைக்கு விலையும் உண்டு. தாளில் ஒன்றையொன்று தாங்கி நின்ற உருவங்கள் இங்கே தளர்ந்து, கல்யாண மண்டப அலங்காரம் போல் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஸ்டிக்கருக்கு வரையும்போதும் பாலம் உண்டு என்று பாவித்தே வரைகிறேன்.

கடைக்குப் போகும் முன் சில செய்திகள். கோடுகளைக் கணினியில் சுத்தமாக வரைந்து கொண்டுபோங்கள். கடையில் இருக்கும் கோரல் டிரா மென்பொருள் உங்கள் புகைப்படத்தைத் தானாகக் கோடாக்கும்போது ஒரு வளைவை நூறு மூலைகளாக உடைத்துவிடும். பிளாட்டர் கத்தி அவற்றில் சிக்கிப் படலத்தைக் கிழிக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகள், வேண்டாத பகுதியை உரிக்கும்போதே கூடவே எழுந்து வந்துவிடும். கடைக்காரர் சொல்லும் சதுர அடி விலையில் அந்த உரிப்பு வேலையும், துண்டுகளை இடம் மாறாமல் கண்ணாடிக்குக் கொண்டுபோக மேலே ஒட்டும் மாஸ்கிங் தாளும் சேர்ந்தவையா என்று கேளுங்கள். சேராது என்பதே பெரும்பாலும் பதில். நுண்வெட்டு ஓவியத்தில் வெட்டும் நேரம் ஒரு பங்கென்றால் உரிக்கும் நேரம் நான்கு பங்கு.

உள்பக்கம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டிய எழுத்தை இடவலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். இது ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை எட்டடி நீளக் குறள் ஒன்றைத் திருப்பாமல் வெட்டி, ஒட்டி முடித்து, தெருவைக் கடந்துபோய் நின்று பார்த்தபோதுதான் வள்ளுவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

படலத்திலும் இரண்டு சாதி உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தித் தேய்த்துச் செய்வது ஒன்று, ஊற்றிப் படியவைத்துச் செய்வது இன்னொன்று. முதலாவது மலிவு, தடிமன் 75 முதல் 100 மைக்ரான், காலப்போக்கில் சுருங்கி விளிம்பில் பசைக்கோடு காட்டும், வெளிவெயிலில் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். இரண்டாவது மெல்லியது, 50 மைக்ரான் அளவு, சுருங்காது, ஏழு ஆண்டுக்கு மேலும் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். கேட்காவிட்டால் முதல் வகைதான் கைக்கு வரும்.

இனி, எவரும் முன்கூட்டிச் சொல்லாத மூன்று செலவுகள்.

வெப்பம் முதலாவது. கறுப்புப் படலம் வெயிலைக் குடித்துத் தன் அடியிலுள்ள கண்ணாடியை மட்டும் சூடாக்கும். பக்கத்துக் கண்ணாடி குளிர்ந்திருக்கும். பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடியின் இரு பகுதிகளுக்கிடையே ஏறக்குறைய 40 டிகிரி வேறுபாடு வந்தாலே விரிசல் விடக்கூடும். டஃபன்ட் கண்ணாடி அதைப் போலப் பல மடங்கு தாங்கும். மேற்கு வெயிலும் உள்ளே ஏசி குளிரும் சேர்ந்த சாதாரணக் கண்ணாடியில் பெரிய கறுப்புப் பரப்பு ஒட்டாதீர்கள். வெளிர் நிறமாக்குங்கள், அல்லது உருவத்தை உடைத்துச் சிதறவிடுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் படலம். ஓர் அலுவலக வரவேற்பறையில் நான் ஒட்டிய ஸ்டிக்கரை ஆறு மாதம் கழித்து உரித்தபோது, அடியிலிருந்த வெயில் தடுப்புப் படலமும் சேர்ந்து வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த சன்மானத்தில் பாதி அந்தப் படலத்தைப் புதுப்பிக்கப் போயிற்று. கண்ணாடியின் மூலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். படலம் இருந்தால் விளிம்பு தட்டுப்படும்.

மூன்றாவது உரிப்பு. ஆறு மாதத்தில் எடுத்தால் முழுத் துண்டாக வரும். மூன்று கோடை கண்ட மலிவு வினைல் அப்பளமாக நொறுங்கி நகம் நகமாகத்தான் வரும். முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, பிளேடால் சுரண்டி, மிஞ்சும் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒட்டிய கூலியைவிட எடுக்கும் கூலி கூடுதலாகலாம்.

வினைல் வெல்லும் இடம்: ஓராண்டுக்கு மேல் நிற்க வேண்டியது, வெளிப்பக்கம் மழை படுவது, தினமும் துடைத்துச் சுத்தம் செய்யும் கடை அல்லது மருத்துவமனை, எழுத்து அதிகமுள்ள வேலை.

## வண்ணப் படலம்

இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் ஜன்னல் மேல்வளைவில் பதித்த சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் முற்றத்தில் வண்ணம் தெளித்ததைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்த ஆசை வரும். தோல்பாவைக்கூத்தில் சாயமேற்றிய தோலின் நிறமும், நகைகளுக்காகத் துளைத்த ஓட்டைகளின் வெள்ளொளியும் அருகருகே மின்னும் அழகைப் பார்த்தவருக்கும் வரும். நிறம் மட்டும் போதாது, நிறத்துக்கு நடுவே வெறும் ஓட்டையும் வேண்டும் என்பதை நான் அந்தப் பாவைகளிடம்தான் கற்றேன்.

பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் ஹை லைன் உயர்நடைபாதையில் ஸ்பென்சர் ஃபின்ச் 2009-இல் வைத்த வேலையில் 700 கண்ணாடிகள். ஹட்சன் நதியின் நீரை 700 நிமிடம், நிமிடத்துக்கொன்றாகப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை எடுத்து ஒரு கண்ணாடிக்குக் கொடுத்தார். 2016-இல் பாரிசில் லூயி வித்தோன் அறக்கட்டளைக் கட்டடத்தின் 3,600 கண்ணாடித் துண்டுகளில் டேனியல் பியூரன் 13 நிற வடிகட்டிகளைக் கொஞ்ச காலத்துக்கு ஒட்டிவைத்தார். இரண்டுமே இடத்திலிருந்து பிறந்த நிறம். கடையில் இருந்த நிறங்களிலிருந்து பிறந்தவை அல்ல.

நம் கைக்குக் கிடைப்பவை மூன்று தரம். பரிசுப்பொருள் சுற்றும் ஜெலட்டின் தாள் மலிவு. ஆனால் ஈரத்துக்குச் சுருங்கி நெளியும், நேர்வெயிலில் சில வாரத்தில் நிறம் இறங்கும். சில நாள் விழாவுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். நான்கு சுருள் வாங்கிய நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன், அவருக்கு வருத்தம். மேடை விளக்குகளுக்குப் போடும் வடிகட்டித் தாள் வெப்பத்துக்கென்றே செய்தது, நெளியாது, நிறத்துக்கும் எண் உண்டு என்பதால் மறுபடி அதே நிறம் வாங்கலாம். ஒட்டக்கூடிய ஒளிபுகு வண்ண வினைல் நீண்ட காலத்துக்கு ஏற்றது. ஸ்டிக்கர் வேலையின் எல்லாச் சங்கடங்களும் இதற்கும் உண்டு. மஞ்சள்மேல் நீலம் ஏற்றினால் பச்சை வரும், ஆகையால் மூன்று நிறம் வாங்கி ஆறு நிறம் காட்டலாம்.

இதன் மறைவான செலவு பணம் அல்ல. நிறம் விழும் இடம்தான். சிவப்புக் காவித் தரையில் நீல ஒளி விழுந்தால் நீலம் தெரியாது; அழுக்குக் கறைபோல் இருண்டு கிடக்கும். வெள்ளைச் சுவரோ வெளிர் தரையோ இல்லாத அறையில் பாதி ஓவியம் வீண். ஒரு வாசகசாலையில் நான் வைத்த பச்சை இலைகள் காலை பத்து மணிக்கு நூலகர் அம்மாவின் மேசையில் வந்து உட்கார்ந்தன. இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு அந்தக் கண்ணாடியில் ஒரு நாட்காட்டியை மாட்டிவிட்டார். அவர்மேல் தவறில்லை, நான் சாக்பீஸ் குறியை நாற்காலிகள் வரும் முன்பே போட்டிருந்தேன். உணவகங்களில் நீலமும் பச்சையும் சோற்றின்மேல் விழுந்தால் இன்னும் மோசம். புத்தம்புதுச் சாம்பாரும் ஊசிப்போனதாகத் தெரியும். மஞ்சள், ஆரஞ்சு போட்டால் சாப்பிடுகிறவர் முகமே மலர்ந்தாற்போல் இருக்கும்.

வெல்லும் இடம்: கிழக்கோ மேற்கோ பார்த்த ஜன்னல், வெளிர் தரை, எவரும் ஓரிடத்தில் நெடுநேரம் உட்காராத நடைவழி அல்லது படிக்கட்டு. வடக்கு ஜன்னலுக்கு வேண்டாம்.

## அக்ரிலிக் தொங்கல்

கண்ணாடியைத் தொடவே கூடாது என்ற இடங்களுக்கானது. பழமையான கட்டடம், வாடகைக்கு எடுத்த அரங்கு, உள்பக்கம் கம்பியிட்ட ஜன்னல் எல்லாம் இதில் சேரும். லேசரில் வெட்டிய அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடுகளைக் கண்ணாடிக்கு முன் கம்பியில் தொங்கவிடுவது. நம் வீட்டு ஜன்னல் கம்பி மற்ற மூன்றுக்கும் எதிரி, இதற்கு மட்டும் நண்பன். கட்ட இடம் தருகிறது.

மூன்று மில்லிமீட்டர் தகடு போதும். எட்டுக்கு நான்கு அடி முழுத் தகடு பத்து கிலோவுக்கு மேல் எடை என்பதை நினைவில் வைத்துத் தொங்கவிடும் கம்பியைத் தேர்ந்தெடுங்கள். மீன்தூண்டில் நரம்பு வெயிலில் நைந்துபோகும். மெல்லிய எஃகுக் கம்பி நல்லது. அக்ரிலிக் சூட்டில் விரியும், ஒரு மீட்டருக்கு 30 டிகிரி ஏற்றத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு. சட்டத்துக்குள் இறுக்கமாகச் செருகினால் வைகாசியில் வளைந்து நிற்கும். மலிவு என்று பிவிசி தகட்டை லேசர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எரியும்போது நச்சு வாயு வரும், விவரம் தெரிந்த கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

செலவு நான்கிலும் கூடுதல். தூசி படியும், துடைத்தால் கீறல் விழும். தொங்குவதால் அசையும், நிழலும் அசையும். சிலருக்கு அதுவே அழகு, எனக்கும்தான். கழற்றி வேறிடத்தில் மாட்டலாம் என்று விற்பனைக்காரர்கள் இதன் சிறப்பாகச் சொல்வார்கள். வேறிடத்தில் மாட்டக்கூடியதென்றால் அதை அந்த ஜன்னலுக்காகச் செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

## ஒரே பார்வையில்

| எடைக்கல் | தாள் | வினைல் | வண்ணப் படலம் | அக்ரிலிக் |
|---|---|---|---|---|
| நிற்கும் காலம் | 3 மாதம் வரை | 2 முதல் 7 ஆண்டுக்கு மேல், தரத்தைப் பொறுத்து | சில நாள் முதல் சில ஆண்டு, தரத்தைப் பொறுத்து | பல ஆண்டு |
| உகந்த வெயில் | எதுவும் | எதுவும். கறுப்புக்கு மேற்கு ஆகாது | கிழக்கு, மேற்கு நேர்வெயில் | நேர்வெயில் |
| பாலம் வேண்டுமா | கட்டாயம் | வேண்டாம் | ஒட்டும் வகைக்கு வேண்டாம் | வேண்டும், அல்லது தனித்தனிக் கம்பி |
| பணச் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | ஜெலட்டின் குறைவு, மற்றவை கூடுதல் | மிகக் கூடுதல் |
| மறைவான செலவு | வெட்டும் நேரம், ஈரம் | உரிக்கும் கூலி, கண்ணாடி விரிசல் | நிறம் தவறான இடத்தில் விழுவது | எடை, தூசி |
| அகற்றுவது | நிமிடங்களில் | நாள் கணக்கில் | ஒட்டாததென்றால் எளிது | கழற்றினால் போதும் |

## என்னிடம் கேட்ட மூவருக்கும் சொன்னது

பள்ளி நூலக ஜன்னல் கிழக்குப் பார்த்தது, உள்ளே கம்பி இல்லை, கல்வியாண்டு முடியும்வரை நிற்க வேண்டும். தாள் பத்து மாதம் தாங்காது. ஆனாலும் தாள்தான் என்றேன். பருவத்துக்கொரு முறை பிள்ளைகள் புதிதாக வெட்டி மாற்றட்டும். மழைக்காலத்துக்கு மட்டும் டேப்பைக் கூட்டி வைக்கலாம். ஒருமுறை ஒட்டி மறந்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் நினைத்தால் வினைல்.

இரண்டாமவருக்குக் கிடைத்தது ஒரு துணிக்கடையின் ஜன்னல், தெருவோரம், மேற்குப் பார்த்தது, தீபாவளிவரைக்கும். வெளியிலிருந்து பகலிலும் தெரிய வேண்டும், இரவிலும் தெரிய வேண்டும். வெள்ளை வினைலை வெளிப்பக்கம் ஒட்டச் சொன்னேன். மலிவு வகையே போதும், கார்த்திகைக்குள் உரித்துவிட்டால்.

ஜெலட்டின் சுருள் வாங்கியவருக்கு ஒரு கலைவிழாவில் மூன்று நாள் படிக்கட்டு ஜன்னல் கிடைத்திருந்தது. தெற்குப் பார்த்தது, மார்கழியில். அந்த மூன்று நாளுக்கு அவர் கையில் இருந்ததே சரியான பொருள். முதலில் வருத்தப்பட்டவர் இப்போது என்னைவிட விவரமாகப் பேசுகிறார்.

மூவரிடமும் இரண்டு வேலைகளைக் கட்டாயமாக்கினேன். எந்தப் பொருளானாலும், முதலில் பழுப்புத் தாளில் முழு அளவில் முரட்டுத்தனமாக வெட்டி, மாஸ்கிங் டேப்பில் இரண்டு நாள் ஒட்டிவைத்து, உள்ளிருந்தும் தெருவிலிருந்தும் இரவிலும் பார்ப்பது ஒன்று. ஒப்பந்தத்தில் அகற்றும் தேதி, அகற்றும் ஆள், அகற்றும் கூலி மூன்றையும் தனி வரியாக எழுதி முன்பணத்தோடு வாங்கிவிடுவது மற்றொன்று. துணிக்கடைக்காரர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “எடுக்கிறதுக்குமா காசு?” என்று கேட்டாராம். கடைவாசலில் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும் போன வருடத்துத் தள்ளுபடி ஸ்டிக்கரைக் காட்டச் சொன்னேன்.